பழைய வண்டியில் எதற்கு முதலில் காசு போடுவது: டர்பன் ஓட்டுநர்களுக்கு ஒரு பழுது வரிசை

டாஸ், சிட்டி கோல்ஃப், பழைய கோர்சா, நிசான் 1400 பக்கி (சின்ன பிக்கப்). சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் மலிவாக வண்டி தேடுகிறவர் கண்ணில் முதலில் படுபவை இவைதான். டாஸ் உற்பத்தி 2006இல் நின்றது, 1400 பக்கி 2008இல், சிட்டி கோல்ஃப் 2009இல். எதை வாங்கினாலும் வண்டிக்கு 15 வயது தாண்டியிருக்கும். முதல் வாரத்திலேயே கோளாறுப் பட்டியல் ஒரு பக்கம் நிறையும். கையில் உள்ள ராண்டோ அதில் மூன்று நான்குக்குத்தான் போதும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு, அதிகம் சத்தம் போடுவதை முதலில் சரிசெய்வது. ஓட்டை சைலன்சர் தெருவையே எழுப்பும், ஆனால் ஓடும் வண்டியைக் கவிழ்க்காது. ஈரம் ஏறிய பிரேக் ஆயிலும், உள்ளே தேய்ந்த பால் ஜாயின்டும் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு), பல் விரிந்த டைமிங் பெல்ட்டும் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் பட்டை) கடைசி நிமிடம் வரை வாயே திறக்காது. அதனால் ஒவ்வொரு கோளாறையும் ஒரே கேள்வியால் எடை போடுங்கள்: 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது முழுதாகக் கைவிட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு ஆபத்து என்றால் இன்றே செய்ய வேண்டும். இன்ஜின் போகும் என்றால் இந்த மாதம். வழியில் நிற்கும் என்றால் அடுத்த மாதம். எரிச்சல் மட்டும்தான் என்றால் காசு மிஞ்சும்போது.

இந்த வரிசைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

துரு: ஒரு ராண்டும் செலவழிக்கும் முன்

கடற்காற்று அடிக்கும் ஊர் இது. மெக்கானிக் சரிசெய்யக்கூடியதை எல்லாம் சரிசெய்துவிடலாம். உடம்பே உளுத்துப் போன வண்டிக்கு வைத்தியம் கிடையாது, அதில் போடும் ஒவ்வொரு பாகமும் வீண். ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். முன் தரைவிரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டை அழுத்திப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக் வைக்கும் இடம், பானெட்டைத் திறந்தால் ஷாக்கின் தலை பொருந்தும் இடம், பக்கி என்றால் பின் லீஃப் ஸ்பிரிங் சேசிஸில் மாட்டும் இடம் ஆகியவற்றைத் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். உள்ளே தின்றுபோன தகடு 'பொத்' என்று அமுங்கும், முனையால் குத்தினால் உள்ளே இறங்கும்.

கதவு விளிம்பிலும் பானெட்டிலும் இருக்கும் துரு அழகுப் பிரச்சினை மட்டுமே. சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலோ சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்திலோ ஓட்டை விழுந்திருந்தால் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, இந்த வண்டியை வைத்துக்கொள்வதா என்று முதலில் முடிவெடுங்கள். புட்டி போட்டுப் பெயின்ட் அடித்த இடம் கண்ணை ஏமாற்றும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திப் பாருங்கள், புட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காது.

நிற்க வேண்டும்

இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். அப்படியே அழுத்திப் பிடித்து 30 வினாடி எண்ணுங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை) உள் ரப்பர் போய்விட்டது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்புங்கள். பெடல் கொஞ்சம் கீழே போக வேண்டும். போகாவிட்டால் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரோ அதன் காற்றுக் குழாயோ வேலை செய்யவில்லை.

முன் பேடில் உரசும் பொருள் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கில் புதுப் பேட் போடுவது காசைக் கரியாக்குவது. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அது ஒழுகத் தொடங்கிவிட்டது, இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்து மறுபடி போடும் பழக்கம் பேக்யார்ட் மெக்கானிக்குகளிடம் உண்டு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சூடானதும் ஊறிய எண்ணெய் மேலே வரும், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். (கீழ் கியரில் இறங்குங்கள். அது செலவில்லாத பழுதுபார்ப்பு.) எப்போது மாற்றியது என்று தெரியாத ஆயில் என்றால் மாற்ற வேண்டியதுதான். ஒரு லிட்டர் டாட் 4, ஒரு மெல்லிய குழாய், ஒரு காலி பாட்டில், பெடலை மிதிக்க ஒரு ஆள். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது இடது பின் சக்கரம். பழைய ஆயிலை வெளியே விடும்போது பொதுவாக அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வருவார்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பிரேக் ஆயில் டேங்க்கில் ஆயில் குறையவிடாமல் ஊற்றிக்கொண்டே, பழுப்பு நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விடுங்கள். பழைய வண்டியில் ஒரு விஷயம் முக்கியம்: பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்குப் பிஸ்டன் இத்தனை வருடம் போனதே இல்லை, அங்கே துருவும் கசடும் படிந்திருக்கும். அங்கே தள்ளினால் உள் ரப்பர் கிழியும், நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் இன்று போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டு மிதியுங்கள்.

திரும்ப வேண்டும், சாலையைப் பிடிக்க வேண்டும்

முன்சக்கரத்தை ஜாக்கால் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12 மணியிலும் 6 மணியிலும் கை வைத்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். அடுத்து 9 மணி, 3 மணி. அங்கே ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டோ ஸ்டியரிங் ரேக்கோ. கீழ் ஆர்முக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் பால் ஜாயின்டின் தளர்வு இன்னும் தெளிவாகத் தெரியும்.

பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும், ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை. பேரிங் ஊளையிடும், எச்சரிக்கும். ஆகவே இரண்டும் போயிருந்து ஒன்றுக்குத்தான் காசு என்றால் பால் ஜாயின்ட் முதலில்.

டயரில் தென்னாப்பிரிக்கச் சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் பட்டன் (பள்ளத்தின் ஆழம்). டர்பனின் கோடை மழைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டரிலேயே புது டயருக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டியதை வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், பத்து வயதானதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். சாலையோரம் விற்கும் பழைய டயர்களில் சிலவற்றில் தேய்ந்த பள்ளத்தைச் சூட்டுக்கத்தியால் மறுபடி வெட்டி ஆழமாக்கியிருப்பார்கள். பள்ளத்தின் அடியில் துணி நூலோ கம்பியோ தெரிந்தால் அதுதான் விஷயம்.

இன்ஜினைக் காப்பாற்றும் சில்லறைச் செலவுகள்

மலிவு வண்டிகள் குப்பைக்குப் போவதற்குப் பெரும் காரணம் சூடு. சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மூடி, ஒரு குழாய், ஒரு ஃபேன் சுவிட்ச், ஒரு தெர்மோஸ்டாட் போன்ற சின்ன சாமான். நாலும் சேர்ந்தாலும் ஒரு ஹெட் காஸ்கெட் வேலையின் கூலிக்கு அருகில் வராது. அதனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிந்த கையோடு இங்கே வாருங்கள்.

வண்டி ஆறியிருக்கும்போது, ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ நீலமோ தெரிந்தால் கூலன்ட். செம்மண் நிறத் தண்ணீர் என்றால் இத்தனை நாள் குழாய்த் தண்ணீரில் ஓடியிருக்கிறது, உள்ளே துரு பிடித்திருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், அதில் எழுதியிருக்கும் அதே அழுத்த எண்ணுள்ளதாக. இந்த மூடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனுக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி, உறவுக்காரர் கல்யாணத்துக்கு என்3இல் ஏறும்போது டவுன் ஹில்லிலோ வான் ரீனன் கணவாயிலோ பொங்குவதில் இந்த மூடிக்கும் பங்கு உண்டு.

குழாய்களைக் கையால் அமுக்குங்கள். பஞ்சு போல் அமுங்கினாலும், கல் போல் இறுகி மடிப்பில் கீறல் தெரிந்தாலும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த ரேடியேட்டரில் அந்தக் கறுப்புத் தலை காப்பி நிறமாக வெளுத்திருந்தால் அதன் ஆயுள் முடிகிறது. வெடிப்பது நீளவாக்கில், நெடுஞ்சாலையில்தான். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஓடவிட்டு, சூட்டு முள் நடுவைத் தாண்டும் முன் ஃபேன் சுழல்கிறதா என்று காத்திருந்து பாருங்கள். ஓடும்போது முள் சரியாக இருந்து ரோபோவில் (சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நிற்கும்போது ஏறினால் ஃபேன் பக்கம் கோளாறு. மாறாக வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பு போதும். ஒரு பழைய பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரைச் சுட வையுங்கள். 82 முதல் 88 டிகிரி அளவில் திறக்கத் தொடங்க வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகும் மூடியே கிடந்தால் மாற்றுங்கள். "சூடான ஊர், அது எதற்கு" என்று கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும்.

கூலன்ட் செறிவையும் அயனி நீக்கிய தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஓடவிட்டால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும். துரு பிடித்த பழைய இன்ஜினைக் கடும் ரசாயனம் ஊற்றிக் கழுவ வேண்டாம். அந்தத் துருதான் சில இடங்களில் அடைப்பாக நிற்கும், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வெல்ஷ் பிளக்குகள் (தண்ணீர் வழிகளை மூடும் வட்டத் தகடுகள்) ஒழுகத் தொடங்கும். வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவினால் போதும்.

ஓடும்போது முள் சிவப்புக்கு ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிய ஐந்து நிமிடத்தில்தான் ஹெட் வளைகிறது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: சிவப்பில் இருந்த முள் திடீரென்று குளிருக்கு விழுந்தால் வண்டி ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சென்சாரைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரே காலி என்று அர்த்தம்.

அடுத்தது டைமிங் பெல்ட். உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1400 பக்கியில் செயின், இந்தச் செலவே கிடையாது. டாஸ் 130லும் சிட்டி கோல்ஃபிலும் பெல்ட். ரசீது காட்டாமல் "போன வருஷம்தான் மாத்தினோம்" என்று விற்றவர் சொன்னது கணக்கில் சேராது, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். வேறு சிலவற்றில் பிஸ்டன் வால்வை இடித்து வளைக்கும். உங்களுடையது இரண்டாவது ரகம் என்றால் இந்த வேலை பட்டியலில் குளிர்ச்சி வேலைக்கும் மேலே ஏறும். பெல்ட்டை மட்டும் மாற்றாமல் டென்ஷனர், முன் ஆயில் சீல் ஆகியவற்றையும், தண்ணீர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கூலி ஒன்றுதான், சாமான்தான் கூடுதல்.

ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய வாரமே மாற்றுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை, சமதரையில், காலையில் கிளப்பும் முன் டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் குடிக்கும் இன்ஜின் பல வருடம் ஓடும். ஆயில் இல்லாத இன்ஜின் டோங்காட் போய்ச் சேராது. பிரஷர் விளக்கு சூட்டில் மினுக்கினால் முதலில் அளவு, பிறகு சுவிட்ச், பிறகு மெக்கானிக்கல் கேஜ் வைத்து உண்மை அழுத்தம். அதற்கு முன்னால் யாரும் "இன்ஜின் போச்சு" என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழியில் நிற்காமல் இருக்க

ஒரு மலிவு மல்டிமீட்டர் வாங்குங்கள், முதல் தடவையிலேயே தன் விலையைத் திருப்பித் தரும். இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். கிளப்பும் வினாடியில் 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.4. கடைசி எண் குறைவாக இருந்தால் உடனே ஆல்டர்னேட்டர் வாங்கப் போகாமல், பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்துக்கும் இடையே, ஒருவர் வண்டியைக் கிளப்பும்போது அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் உப்புப் பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசுங்கள். டர்பனில் நல்ல ஆல்டர்னேட்டர்களை நிறையப் பேர் தூக்கிப் போடுவது இந்த ஒரு கம்பியால்தான்.

சி.வி. பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கிறதா? இன்னும் 'டக் டக்' கேட்கவில்லை என்றால் உடனே பூட்டை மாற்றிப் புதுக் கிரீஸ் போடுங்கள். மணல் உள்ளே போய்ச் சத்தம் தொடங்கிவிட்டால் பூட்டுக்குக் காசு போடுவதில் பயனில்லை, ஜாயின்ட் முழுதாகப் போகும்வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு அதற்கே சேர்த்து வையுங்கள்.

காத்திருக்கலாம்

ராக்கர் கவரில் (இன்ஜினின் மேல் மூடி) ஆயில் வியர்ப்பது காத்திருக்கலாம், எக்சாஸ்ட் மேல் சொட்டிப் புகையாத வரை. கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் இடையே கசியும் பின் சீலும் காத்திருக்கலாம். அதற்கு கியர்பாக்ஸ் இறக்க வேண்டும், கிளட்ச் மாற்றும் நாளில் சேர்த்துச் செய்யுங்கள். ஏசி, சென்ட்ரல் லாக்கிங், தொங்கும் கூரைத்துணி, மங்கிய பெயின்ட் எல்லாம் கடைசி. ஷாக் மட்டும் நடுவில் நிற்கிறது. சாலைக்குழியில் தடதடப்பது எரிச்சல்தான், ஆனால் மூலையை அழுத்திவிட்டால் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளுகிறது என்றால் நிற்கும் தூரமும் கூடியிருக்கிறது, அதை மேலே ஏற்றுங்கள்.

வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் வரிசை சற்று மாறும். பெயர் மாற்ற ரோட்வொர்தி சான்றிதழ் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சோதனைத் தாள்) வேண்டும். அங்கே முகப்புக் கண்ணாடியில் ஓட்டுநர் பார்வைக்கு நேராக உள்ள கீறல், எரியாத விளக்கு, பிடிக்காத கைபிரேக், நைந்த சீட் பெல்ட், சொட்டும் ஆயில் எல்லாம் எண்ணப்படும். தேறாவிட்டால் குறிப்பிட்டதை 14 நாளுக்குள் சரிசெய்து மறுபடி காட்டலாம். அதனால் மேலே சொன்ன பிரேக், ஸ்டியரிங், டயர் வேலைகளை முடித்துவிட்டுப் போங்கள். அவர்கள் தரும் தோல்விப் பட்டியல் சில்லறை வேலைகளாகச் சுருங்கும்.

சாமான் வாங்கும்போது: கதவு, கண்ணாடி, விளக்கு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் ஸ்க்ராப்யார்டில் எடுக்கலாம். பிரேக் ரப்பர்கள், பால் ஜாயின்ட், பெல்ட், டயர் எப்போதும் புதிது. 'பைரேட்' (வண்டிக் கம்பெனி செய்யாத) சாமானிலும் தரம் உண்டு, வைப்பர், ஃபில்டருக்கு அது போதும். தெர்மோஸ்டாட்டுக்கும் டென்ஷனருக்கும் பெயர் தெரிந்த பிராண்ட் கேளுங்கள். ஸ்க்ராப்யார்டில் இன்ஜினே வாங்கினால் அதை வாங்கியதற்கான தாளைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். இன்ஜின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்துப் பதிவிலும் மாற்ற வேண்டும், தாள் இல்லாத இன்ஜின் தலைவலி.

மெக்கானிக்கிடம் விடும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, கழற்றின பழைய சாமானை டிக்கியில போட்டு வைங்க." கோபப்படாமல் சரி என்பவரிடம் அடுத்த வேலையையும் கொடுக்கலாம்.

ஒரு வேலையின் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்தி யோசியுங்கள், அதுவும் அது ஆளுக்கு ஆபத்தான வகையாக இல்லாமல் இன்ஜின் வகையாக இருந்தால். அதே காசுக்கு இன்னொரு வண்டியும் கிடைக்கலாம், ஆனால் அதன் பட்டியல் உங்களுக்குத் தெரியாது. இந்த வண்டியில் பிரேக், டயர், பெல்ட் புதிது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கும் ஒரு விலை போட்டுக் கணக்குப் பாருங்கள்.

டாஷ்போர்டின் கப்பிஹோல் பெட்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள்: தேதி, கிலோமீட்டர், மாற்றியது என்ன, எந்தக் கடை. டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரை மட்டும் பெல்ட் மூடியின் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள், நோட்டு தொலையும்.